மிதிவண்டியில் ஆறு மணி நேரம்: எதை உண்பது, எப்போது உண்பது?

கேள்வி: அம்மையீர், எனக்கு வயது 43. சிங்கப்பூரின் பொங்கோலில் வசிக்கிறேன். சென்ற ஆண்டு பாதித் தொலைவு டிரையத்லான் (நீச்சல், மிதிவண்டி, ஓட்டம் மூன்றும் சேர்ந்த போட்டி) ஒன்றை முடித்துவிட்டு, அடுத்து மலேசியாவின் லங்காவியில் முழுத் தொலைவுக்குப் பதிந்திருக்கிறேன். சனிக்கிழமைகளில் விடியற்காலை ஐந்தரை மணிக்கு ஒரு காப்பியை மட்டும் குடித்துவிட்டு, நண்பர்களுடன் சாங்கி கடலோரச் சாலைப் பக்கம் நான்கு மணி நேரம் மிதிவண்டி ஓட்டுகிறேன். வழியில் இரண்டு இட்லி, ஒரு சிறிய வாழைப்பழம், சர்க்கரை சேர்க்காத ஐசோடோனிக் பானம், தண்ணீர் இவைதான் என் உணவு. மூன்றாவது மணி நேரத்தில் கை நடுங்குகிறது, தலை கிறுகிறுக்கிறது. அண்மையில் ஒரு நாள் அப்படி ஆனபோது அரை மணி நேரத்தில் மூன்று ஆற்றல் ஜெல்களை (சர்க்கரைப் பாகு) விழுங்கினேன். வயிறு உப்பி வாந்தியே வந்துவிட்டது. என் தந்தைக்கு நீரிழிவு இருந்ததால் நான் சர்க்கரையைத் தவிர்த்து வருகிறேன். நான் சைவம். அதன் மிதிவண்டிப் பகுதியான 180 கிலோமீட்டரை எதை உண்டு கடப்பது?

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

நீங்கள் தந்திருக்கும் பட்டியலையே முதலில் கணக்குப் போட்டுப் பார்த்துவிடுவோம். நடுத்தர அளவு இட்லி ஒன்றில் ஏறத்தாழ 10 கிராம் மாவுச்சத்து இருக்கும். சிறிய வாழைப்பழத்தில் 15 கிராம் என்று வைத்துக்கொள்ளலாம். சர்க்கரை இல்லாத பானத்தில் உப்பும் நீரும் உண்டே தவிர எரிபொருள் இல்லை. ஆக, நான்கு மணி நேரத்துக்கு நீங்கள் உடலுக்குக் கொடுத்தது 35 கிராம். மணிக்கு 9 கிராம்கூட வரவில்லை. அதே நேரத்தில் உங்கள் தசைகள் மணிக்கு அதைப் போல் பல மடங்கு மாவுச்சத்தை எரித்துக்கொண்டிருந்தன.

நன்றாக உண்டு ஓய்வெடுத்த ஒருவரின் தசைகளில் 400 முதல் 500 கிராம் வரையிலும், கல்லீரலில் ஏறத்தாழ 100 கிராமும் கிளைகோஜன் (மாவுச்சத்தை உடல் சேர்த்துவைக்கும் வடிவம்) சேமிப்பாக இருக்கும். தசையில் உள்ளது அந்தத் தசைக்கே பயன்படும். இரத்தத்தில் சர்க்கரை அளவு குறையாமல் காத்து மூளைக்கு உணவு அனுப்புவது கல்லீரலின் வேலை. இரவு முழுவதும் நீங்கள் உறங்கும்போதும் கல்லீரல் அந்த வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கிறது என்பதால், விடியற்காலையில் அதன் இருப்பு பெருமளவு குறைந்துவிடுகிறது. அந்த நிலையில் வெறும் காப்பியோடு புறப்பட்டு, வழியிலும் ஏறக்குறைய எதுவும் உண்ணாமல் போனால், மூன்றாவது மணி நேரத்தில் கை நடுங்குவதும் தலை கிறுகிறுப்பதும் எதிர்பார்க்கக்கூடியவையே. உங்கள் கால்களில் குறை இருப்பதாக நான் நினைக்கவில்லை.

தந்தையின் நீரிழிவைப் பற்றிய உங்கள் அச்சத்தை நான் மிகவும் மதிக்கிறேன். இந்த ஊரில் நம் சமூகத்தில் அந்த நோய் நுழையாத குடும்பம் குறைவு. சுகாதார அமைச்சு 2016இல் நீரிழிவுக்கு எதிரான போரையே அறிவித்தது. 2022 இறுதியிலிருந்து பானங்களின் மீது நியூட்ரி-கிரேட் எழுத்துகளும் வந்துவிட்டன. 100 மில்லிலிட்டரில் 5 கிராமுக்கு மேல் சர்க்கரை இருந்தால் அந்தப் பானத்துக்கு ‘சி’, 10 கிராமைத் தாண்டினால் ‘டி’. அலுவலக மேசையில் உட்கார்ந்து குடிப்பவருக்கு இது மிக நல்ல வழிகாட்டி. நான்கு மணி நேரம் மிதித்துக்கொண்டிருப்பவரின் உடல் நிலை வேறு. தசை சுருங்கி விரியும்போது, இன்சுலினின் உதவி பெரிதாகத் தேவைப்படாமலேயே இரத்தத்திலிருந்து குளுக்கோஸை உள்ளே இழுத்துக்கொள்ளும் ஆற்றல் அதற்கு வருகிறது. உழைப்பின்போது இன்சுலின் சுரப்பும் தாழ்ந்தே இருக்கிறது. நீங்கள் இருக்கையில் அமர்ந்து மிதித்தபடி உண்ணும் சர்க்கரை, உண்டவுடனேயே செலவாகத் தொடங்கிவிடுகிறது. ஆகவே நீளப் பயணத்தின்போது மட்டும் அந்தத் தடையை நீக்கிவிடுங்கள் என்பது என் உறுதியான பரிந்துரை. பயணம் முடிந்தபின் பழையபடி கட்டுப்பாட்டுக்குத் திரும்பலாம். அந்தப் பானங்களை வேலை நாளில் தொடக்கூடத் தேவையில்லை. 40 வயதைக் கடந்தவர் என்ற முறையில் தேசிய உடல்நலப் பரிசோதனைத் திட்டத்தின்கீழ் இரத்தச் சர்க்கரைப் பரிசோதனையைத் தவறாமல் செய்துகொள்ளுங்கள். உங்களுக்கே நீரிழிவு இருப்பதாகத் தெரியவந்து மாத்திரை தொடங்கப்பட்டால், இந்தப் பதிலில் உள்ள அளவுகளை உங்கள் மருத்துவரிடம் காட்டாமல் பின்பற்ற வேண்டாம்.

இனி எவ்வளவு என்ற கேள்வி. குளுக்கோஸைக் குடலிலிருந்து இரத்தத்துக்கு ஏற்றும் வழி ஒன்று. பழச்சர்க்கரையான ஃபிரக்டோஸை ஏற்றும் வழி வேறொன்று. குளுக்கோஸ் வழி மணிக்கு 60 கிராம் அளவில் நிரம்பிவிடுகிறது. இரண்டையும் கலந்து கொடுத்தால், இரண்டு வழிகளும் ஒரே நேரத்தில் வேலை செய்து, மணிக்கு 90 கிராம் வரை உடல் பயன்படுத்திக்கொள்ள முடிகிறது என்பதை, பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் அஸ்கர் யூகென்ட்ரூப் குழுவினர் 2000க்குப் பிந்தைய ஆண்டுகளில் செய்த ஆய்வுகள் தெளிவாக்கின. இன்று தொழில்முறை வீரர்கள் மணிக்கு 120 கிராம்கூட உண்பதைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அவர்கள் மணிக்கு 40 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் எரிக்கும் ஆற்றல் வேறு. அவர்களின் குடல் பெற்ற பயிற்சியும் வேறு. உங்களுக்கு நான் வைக்கும் இலக்கு, போட்டி நாளில் மணிக்கு 70 முதல் 80 கிராம். இன்று உண்ணும் 9 கிராமிலிருந்து ஒரே வாரத்தில் அங்கே தாவ முயலாதீர்கள். முதல் இரண்டு வாரங்கள் மணிக்கு 40, அடுத்த மூன்று வாரங்கள் 50 முதல் 60, அதன்பின் 70 என்று ஏற்றுங்கள். உண்ணப் பழக்கினால் வயிறு விரைவில் காலியாகக் கற்றுக்கொள்கிறது. குடலின் உறிஞ்சும் திறனும் கூடுகிறது. கால்களுக்குத் தரும் அதே பொறுமையை வயிற்றுக்கும் தாருங்கள்.

அந்த மூன்று ஜெல்களின் கதைக்கு வருகிறேன், ஏனெனில் நம் தட்பவெப்பத்தில் மிகப் பலர் இடறும் இடம் இதுதான். ஜெல் என்பது சிறிதளவு நீரில் 25 கிராம் அளவுக்குச் சர்க்கரை அடைத்த பாகு. மூன்றைத் தொடர்ந்து விழுங்கியபோது 75 கிராம் சர்க்கரை அடர்த்தியாகக் குடலில் இறங்கியது; அதை நீர்க்கச் செய்ய உடல் இரத்தத்திலிருந்து நீரைக் குடலுக்குள் இழுத்தது. அப்போது மணி ஒன்பதை நெருங்கியிருக்கும், வெயிலும் ஏறியிருக்கும். வெப்பத்தைத் தணிக்க இரத்தம் தோலுக்கு ஓட வேண்டும், மிதிப்பதற்குத் தசைகளுக்கும் ஓட வேண்டும். வயிற்றுக்கு மிஞ்சுவது கொஞ்சம்தான். போதிய இரத்த ஓட்டம் இல்லாத வயிற்றில் திடீரென ஒரு பெரும் சுமையை இறக்கியதால் அது திருப்பி அனுப்பிவிட்டது. பசித்தபின் உண்பது என்ற வீட்டு வழக்கம் மிதிவண்டியில் உதவாது. புறப்பட்ட இருபதாவது நிமிடத்திலிருந்து, பசி இருந்தாலும் இல்லாவிட்டாலும், கைக்கடிகாரத்தில் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை ஒலிக்க வைத்து, ஒவ்வொரு முறையும் சிறிதளவு உண்ணுங்கள். குழுவாகச் செல்லும்போது ஒலி கேட்டவுடன் வரிசையின் கடைசிக்கு வந்துவிட்டு உண்பது பாதுகாப்பானது.

இதனோடு நான் வற்புறுத்திச் சொல்ல விரும்பும் ஒரு விதி உண்டு: உணவையும் தண்ணீரையும் வேறு வேறு கணக்காக வைத்துக்கொள்ளுங்கள். உணவின் அளவைக் கடிகாரம் தீர்மானிக்கட்டும். தண்ணீரின் அளவை வெயில் தீர்மானிக்கட்டும். பலர் தங்கள் மாவுச்சத்து முழுவதையும் போத்தல்களில் கரைத்துவிடுகிறார்கள். குளிர்நாட்டில் அது நடக்கலாம். இங்கே, விடியற்காலையில் 26 பாகையாக இருந்தது பத்து மணிக்கு 31 ஆகும்போது தாகம் இரட்டிப்பாகும்; தாகத்துக்குக் குடிக்கக் குடிக்கச் சர்க்கரையும் அளவுக்கு மீறி உள்ளே போய் வயிறு உப்பும். மேகமூட்டமான நாளில் இதற்கு நேர்மாறாக, தாகம் எடுக்காததால் குடிக்காமல், அதன் விளைவாக உண்ணாமலும் போய்விடுவார்கள். ஆகவே சட்டகத்தில் உள்ள இரு போத்தல்களில் ஒன்றில் சர்க்கரைக் கரைசல், மற்றொன்றில் வெறும் தண்ணீர் என்று பிரித்துவிடுங்கள். கரைசலில் மணிக்கு அரை லிட்டர், கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம். தண்ணீரைத் தேவைக்கேற்பக் குடியுங்கள், தலையிலும் ஊற்றிக்கொள்ளுங்கள்.

அந்தக் கரைசலை வீட்டிலேயே செய்யலாம். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 40 கிராம் சாதாரண வெள்ளைச் சர்க்கரை, 20 கிராம் மால்டோடெக்ஸ்ட்ரின் தூள், கால் தேக்கரண்டி உப்பு, அரை எலுமிச்சையின் சாறு. வெள்ளைச் சர்க்கரை பாதி குளுக்கோஸும் பாதி ஃபிரக்டோஸும் சேர்ந்தது. மால்டோடெக்ஸ்ட்ரின் குளுக்கோஸ் சங்கிலி. எனவே இந்தக் கலவையில் 40 கிராம் குளுக்கோஸுக்கு 20 கிராம் ஃபிரக்டோஸ் என்ற தகுந்த விகிதம் தானாகவே அமைகிறது. கால் தேக்கரண்டி உப்பில் ஏறக்குறைய 600 மில்லிகிராம் சோடியம் இருக்கிறது. கரண்டியால் குத்துமதிப்பாக அளக்காமல், சமையலறைத் தராசில் நிறுத்துப் போடுங்கள். கடையில் வாங்குவதாக இருந்தால், பெயரில் ஐசோடோனிக் என்று இருப்பதை மட்டும் பார்க்காமல், பின்புறத்தில் 100 மில்லிலிட்டருக்கு எத்தனை கிராம் சர்க்கரை என்பதைப் படியுங்கள். ஒரே பெயரில் சர்க்கரை உள்ளதும் குறைத்ததும் இல்லாததும் பேரங்காடியில் ஒரே அடுக்கில் நிற்கின்றன.

எவ்வளவு தண்ணீர் என்பதை யாரும் உங்களுக்குப் பொதுவாகச் சொல்லிவிட முடியாது. வியர்வை ஆளுக்கு ஆள் மாறும். அதை அளக்கும் முறை எளிது. புறப்படுமுன் கழிப்பறைக்குச் சென்றுவந்து, ஆடையின்றி எடை பாருங்கள். போட்டியில் ஓட்ட எண்ணியிருக்கும் வேகத்தில் ஒரு மணி நேரம் ஓட்டுங்கள். திரும்பியதும் துண்டால் நன்றாகத் துடைத்துவிட்டு மீண்டும் எடை பாருங்கள். 70.0 கிலோ 69.1 ஆகியிருந்து, இடையில் அரை லிட்டர் குடித்திருந்தால், நீங்கள் இழந்த வியர்வை 1.4 லிட்டர். இதை ஒரு முறை விடியற்காலையிலும் ஒரு முறை காலை பத்து மணி வெயிலிலும் செய்யுங்கள். இரண்டு எண்களுக்கும் இடையிலுள்ள வேறுபாடு உங்களுக்கே வியப்பாக இருக்கும். இழந்தது அத்தனையையும் திரும்பக் குடித்துவிட வேண்டும் என்பதில்லை. மணிக்கு ஒரு லிட்டருக்கு மேல் பெரும்பாலானோரின் வயிறு தாங்காது. போட்டி முடியும்போது உடல் எடையில் இரண்டு மூன்று விழுக்காடு குறைந்திருப்பது ஏற்கத்தக்கதே. அளவுக்கு மீறி வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருப்பதுதான் பெரிய ஆபத்து. இரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போய், தலைவலி, குமட்டல், விரல் வீக்கம், குழப்பம் என்று தொடங்கி உயிருக்கே கேடாக முடியலாம். நீண்ட பயணத்துக்குப் பின் உங்கள் எடை கூடியிருந்தால் நீங்கள் அதிகமாகக் குடித்திருக்கிறீர்கள் என்று பொருள்.

சோடியத்தைப் பொறுத்தவரை மணிக்கு 500 முதல் 800 மில்லிகிராம் என்று தொடங்கலாம். தலைக்கவச வாரிலும் கறுப்பு ஆடையிலும் வெள்ளைப் படிவம் தெரிந்தால் நீங்கள் உப்பு அதிகம் இழப்பவர்; மேல் எல்லையை ஒட்டிச் செல்லுங்கள். இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை உட்கொள்பவர்கள் இதை மருத்துவரிடம் கேட்டே முடிவு செய்ய வேண்டும். நீங்கள் சைவம் என்பதால் ஒரு குறிப்பு: உப்பு மாத்திரைகளில் சிலவற்றின் உறையும், மெல்லும் வகை விளையாட்டு மிட்டாய்களில் பலவும் ஜெலட்டினால் ஆனவை. வாங்குமுன் பொருள் பட்டியலைப் படித்துவிடுங்கள்.

இனி திட உணவு. ஆறு மணி நேரம் இனிப்பையே குடித்துக்கொண்டிருக்க யாராலும் முடியாது; நான்காவது மணி நேரத்தில் நாக்கு மறுத்துவிடும். இட்லியை நான் விலக்கவில்லை. அது மென்மையானது, நார் குறைந்தது, எளிதில் செரிப்பது. ஆனால் மணிக்கு 60 கிராமை இட்லியால் மட்டும் எட்ட ஆறு இட்லி தின்ன வேண்டும். பொடியில் குழைக்கும் நல்லெண்ணெயும் வேண்டாம், கொழுப்பு வயிறு காலியாவதைத் தாமதப்படுத்தும். அதே அரிசியை அடர்த்தியாக்கிக்கொள்வதுதான் நல்ல வழி. ஒட்டும் தன்மையுள்ள குட்டை அரிசி 200 கிராமை வழக்கத்தைவிடச் சற்றுக் கூடுதல் நீரில் குழைய வேகவையுங்கள். சூடாக இருக்கும்போதே 50 கிராம் வெல்லத்தூளும் அரைத் தேக்கரண்டி உப்பும் சேர்த்து, கரண்டியின் பின்புறத்தால் மசியுங்கள். விரும்பினால் ஏலக்காய் ஒரு சிட்டிகை சேர்க்கலாம். நெய், முந்திரி, தேங்காய் எதுவும் கூடாது. ஒரு தட்டையான தட்டில் விரல் கனத்துக்கு அழுத்திப் பரப்பி, ஆறியதும் எட்டுத் துண்டுகளாக வெட்டுங்கள். ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 25 கிராம் மாவுச்சத்தும் 150 மில்லிகிராம் சோடியமும் இருக்கும். அலுமினியத் தாளில் ஒட்டிக்கொள்ளும்; பேக்கிங் தாளில் சுற்றி, ஒரு கையாலும் பல்லாலும் பிரிக்கும்படி முனையை முறுக்கிவிடுங்கள். சமைத்த சோறு நம் ஊர் வெப்பத்தில், அதுவும் முதுகுப் பையின் சூட்டில், விரைவில் கெடும் என்பதால் சமைத்த நான்கு மணி நேரத்துக்குள் உண்டுவிட வேண்டும். முதல் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு இந்தத் துண்டுகள். அதன்பின் ஜெல், வாழைப்பழம், ஜாம் தடவிய வெள்ளை ரொட்டி. பேரீச்சம்பழம் இரண்டு மூன்று வரை சரி, அதற்கு மேல் நார்ச்சத்து தொல்லை கொடுக்கும். ஜெல்லை எப்போதும் வெறும் தண்ணீரோடு குடியுங்கள். சர்க்கரைக் கரைசலோடு சேர்க்காதீர்கள். மணிக்கணக்கில் இனிப்பில் ஊறும் பற்களுக்காகவும் அவ்வப்போது ஒரு வாய் தண்ணீரால் கொப்பளித்துக்கொள்வது நல்லது.

சனிக்கிழமைப் பயணத்துக்கு வெறும் வயிற்றோடு புறப்படுவதையும் நிறுத்துங்கள். ஐந்து மணிக்கு எழுந்து பெரிய உணவு உண்ண முடியாது என்பது புரிகிறது. இரண்டு துண்டு ரொட்டியில் ஜாம் மெல்லியதாகத் தடவி, ஒரு வாழைப்பழத்தோடு உண்டால் போதும். காப்பிக்கடை ரொட்டியில் வைக்கும் கனத்த வெண்ணெய் அன்றைக்கு வேண்டாம். போட்டி நாளில் மட்டும் மூன்று மணி நேரம் முன்னதாக எழுந்து, 100 முதல் 140 கிராம் மாவுச்சத்து உண்ணுங்கள். சட்னி, சாம்பார் இல்லாமல் சர்க்கரையோடு ஆறு இட்லியும், இரண்டு வாழைப்பழமும், ஒரு கோப்பை இனிப்புப் பானமும் அந்த அளவைத் தொட்டுவிடும்.

போட்டியில் நீச்சலை முடித்து ஏறும்போது கொஞ்சம் கடல்நீரை விழுங்கியிருப்பீர்கள், இதயமும் வேகமாக அடித்துக்கொண்டிருக்கும். முதல் பத்துப் பதினைந்து நிமிடம் வெறும் தண்ணீரைச் சிறு வாயாகக் குடித்து, மூச்சு சீரானபின் உண்ணத் தொடங்குங்கள். லங்காவியின் சாலை மேடும் பள்ளமுமானது; ஏற்றத்தில் மூச்சிரைக்க மெல்ல முயலாமல், சமதளத்திலும் இறக்கத்திலும் உண்ணுங்கள். வழியிலுள்ள நிலையங்களில் எந்தப் பானம், எந்த ஜெல் தரப்போகிறார்கள் என்பதை ஏற்பாட்டாளர்களின் வழிகாட்டிக் கையேட்டில் பார்த்து, அதே வகையை இப்போதே வாங்கிப் பழகுங்கள். போட்டி நாளில் எதையும் முதன்முறையாக வாயில் வைக்கக் கூடாது. காலி உறைகளைக் குறித்த இடத்தில் மட்டும் போடுங்கள். வேறிடத்தில் எறிந்தால் தண்டனை உண்டு. கடைசி அரை மணி நேரத்தில் திட உணவை நிறுத்திவிட்டுக் கரைசலோடு மட்டும் இறங்குங்கள், ஓடும்போது வயிறு குலுங்கும். ஓட்டத்தில் மணிக்கு 40 கிராம் உண்பதே பலருக்குக் கடினம் என்பதால்தான் மிதிவண்டியில் இத்தனை கவனமாக உண்ணச் சொல்கிறேன்.

1982 பிப்ரவரியில் ஹவாயில் நடந்த அயர்ன்மேன் டிரையத்லான் போட்டியில், பெண்களில் முதலிடத்தில் வந்துகொண்டிருந்த ஜூலி மாஸ் எல்லைக்கோட்டுக்குச் சற்று முன்னால் கால்கள் ஒத்துழைக்காமல் சரிந்து, பின்னால் வந்த கேத்லீன் மெக்கார்ட்னி முந்திவிட, தவழ்ந்து சென்று இரண்டாவதாக முடித்தார். அந்த மன உறுதி போற்றத்தக்கது. இந்த விளையாட்டை உலகறியச் செய்ததும் அந்தக் காட்சிதான். ஆனால் அதை முன்மாதிரியாகக் கொண்டு, உடல் வற்றியபின்னும் ஓடுவதே வீரம் என்று நினைத்து என்னிடம் வருபவர்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. குடும்பம் உள்ளவர் நீங்களானாலும் இல்லாவிட்டாலும், எல்லைக்கோட்டை நிமிர்ந்து நடந்து கடக்க வேண்டும் என்பதே என் விருப்பம்.

எத்தனை திட்டமிட்டாலும் அன்று வயிறு உப்பிக்கொள்ளலாம். அப்போது உண்பதை நிறுத்திவிட்டு, வேகத்தைக் கணிசமாகக் குறைத்து, பதினைந்து இருபது நிமிடம் தண்ணீரை மட்டும் சிறு வாயாகக் குடித்து, தலையையும் கழுத்தையும் நனைத்துக்கொண்டே செல்லுங்கள். உப்பல் தணிந்தபின், கரைசலை இரண்டு வாய் குடித்துப் பத்து நிமிடம் பொறுத்து, வயிறு ஏற்றுக்கொண்டால் பாதி அளவிலிருந்து மீண்டும் தொடங்குங்கள். விட்டுப்போன கிராம்களை ஈடுகட்ட முயல வேண்டாம். வாந்தி நிற்காவிட்டால், வெயிலில் வியர்வை வற்றிக் குளிர் எடுத்தால், அல்லது எந்தக் கிலோமீட்டரில் இருக்கிறோம் என்பதே குழம்பினால், மிதிவண்டியை விட்டு இறங்கி அருகிலுள்ள தொண்டூழியரிடம் மருத்துவ உதவியைக் கேளுங்கள்.